உப்பளத்தில் முறிந்த மின்னல்

சித்திரை பிறந்து, பாத்திகளில் உப்பு பூத்து, வாரி எடுப்பதுதான் பாக்கி என்றிருந்த ஒரு பிற்பகலில், கடலோரமாகக் கிடக்கும் சிப்பிவிளை என்கிற ஊரின் மேல் தனியாக வந்த ஒரு மேகம் போகிற போக்கில் ஒரு மின்னலை இறக்கியது. அந்த மின்னல் பாதி வழியில் முறிந்துபோனது. கீழ்ப்பாதி கிழக்கு அளத்தின் வரப்பில் வந்து குத்தி ஏணி உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, மேல்பாதி மேகத்தின் அடிவயிற்றிலிருந்து கிணற்றுக் கயிறு மாதிரித் தொங்கியது, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அளத்துக் கணக்கர், எந்தப் பாத்தியில் விழுந்திருக்கிறது என்று கேட்டார். வரப்பில்தான் என்றார்கள்.

"பாத்தியில விழலல்லா? அப்ப வேலையப் பாருங்க," என்றார் அவர்.

ஒரு வாரத்துக்குள் மின்னல் ஊருக்குப் பழகிவிட்டது. தொட்டால் மரத்துப்போன கால் உதறுவது போல உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான் என்று தெரிந்தபின் பெண்கள் ஈரப் பாவாடைகளை அதன் பக்கத்தில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். கருவாடு ஒரே பகலில் காய்ந்தது. சார்ஜ் தீர்ந்த செல்போனை அதற்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்பதைப் பிளஸ் டூ பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கோயில் பூசாரி மாலை போட்டார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், இரண்டையும் அது ஒரே மாதிரி வாங்கிக்கொண்டது. பிள்ளையில்லாதவர்கள் தொட்டில் கட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டார்கள், வந்தவர்களுக்குப் பசிக்குமே என்று சேர்மத்துரை ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி போட ஆரம்பித்தான், பஞ்சாயத்து ஓர் உண்டியல் வைத்தது.

ஆனால் இறக்க வந்ததை இறக்கி முடிக்காமல் மேகத்தால் நகர முடியவில்லை. கட்டிப்போட்ட மாடு போல அது ஊரின் மேலேயே நின்றுகொண்டு, பகலென்றும் இரவென்றும் பாராமல் தூறிக்கொண்டிருந்தது. அடுத்த ஊரில் வெயில் மண்டையைப் பிளந்தது, சிப்பிவிளையில் மட்டும் குடை. பெரிய மழையாக இருந்தால் ஒரே அடியாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். இது காலையில் பூத்த உப்பை மத்தியானத்துக்குள் நக்கிக் குடித்தது. வைகாசி போனது, ஆனி போனது. பாத்தியில் கடல் தண்ணீரும் மேகத் தண்ணீரும் கலந்து கிடந்தனவே தவிர ஒரு கல் உப்பு தேறவில்லை. வேலையில்லாத ஆட்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும், சென்னைக்குக் கட்டட வேலைக்கும் போனார்கள். முதலில் ஆண்கள் போனார்கள், பிறகு குடும்பங்கள் போயின, பிறகு கோழிகளும் விற்கப்பட்டன.

தங்கபுஷ்பம் இதையெல்லாம் சோற்றுப் பானையில் பார்த்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தின் அமைப்பாளர் அவள். நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டதால் அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஊர் பேசுவதை நிறுத்தியிருந்தது. அண்ணன் தவசிமுத்து வீட்டில்தான் இருந்தாள். மத்தியானம் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், அடுப்படி மேடையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து மின்னணுச் சாமான்களைப் பற்றவைத்து எதையாவது செய்துகொண்டிருப்பது அவளுடைய பொழுதுபோக்கு. தபால் வழியில் ரேடியோ படித்தவள். பால் பொங்கினால் கத்துகிற பெட்டி, சாம்பார் அடிப்பிடித்தால் அழுகிற பெட்டி, வெயில் பட்டால் குருவிபோலக் கீச்சிடுகிற பெட்டி என்று வீடெல்லாம் பெட்டிகள். அந்தக் கடைசிப் பெட்டி மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. பானையில் போடுகிற அரிசி வாரா வாரம் குறைந்தது, இன்னும் நாலு பிள்ளைகள் போனால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று ஒன்றியத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அண்ணனும் ஆனிக் கடைசியில் திருப்பூருக்குப் போய்விட்டான். மதினி செந்தூர்க்கனி மட்டும், அவன் அங்கே ஒரு ரூம் பார்த்ததும் பிள்ளைகளோடு கிளம்புவதற்காகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

மின்வாரியத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள். மின்னலைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டாள்.

"இது எங்க லைன் இல்லீங்க, எங்க ஆளுங்க கை வைக்க முடியாது. ஆனா எனக்கு ஒண்ணுதான் தோணுது. இது அறுந்த லைன். அறுந்த லைனை அப்படியே விட்டு வைக்கக் கூடாது."

கூட்டத்தில் நின்ற தங்கபுஷ்பத்துக்கு அன்று முழுவதும் அந்தச் சொல்லே காதில் ஓடியது. அறுந்தது என்றால் சேர்க்கலாம். மறுநாள் மத்தியானம் அவள் தன்னுடைய பழைய சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு, சத்துணவுக்கூடத்திலிருந்து நீளமாக வயர் இழுத்து, பனையேறுகிற ஏணியை வரப்பில் சாத்தி ஏறினாள். பிளக்கில் செருகினால் சூடாகும், பிடுங்கினால் ஆறும், அதற்கு மேல் எதுவும் தெரியாத குச்சி அது. முறிந்த முனைகள் இரண்டும் கரிபிடித்து, உடைந்த கரும்பு மாதிரி நாராக இருந்தன. தொங்குகிற பாதியை ஒரு கையால் இழுத்துக் கீழ்ப்பாதியோடு சேர்த்து ஈயம் வைத்தாள். ஈயம் உருகியது, ஒட்டியது; ஆனால் கடற்காற்று அயர்னின் சூட்டை ஊதி ஊதித் தின்றதால் அது பளபளப்பில்லாமல், சாம்பல் நிறத்தில், மெழுகுக் கட்டி மாதிரி இறுகிற்று. அவள் இறங்குவதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டு விட்டுப்போனது. விட்டதோடு நிற்காமல் இரண்டு முனையிலும் ஒரு பகுதி பொசுங்கிச் சாம்பலாய் உதிர்ந்தது. சாணாக இருந்த இடைவெளி முழமாகிவிட்டது.

சாயங்காலமே ஊர் சத்துணவுக்கூடத்தில் கூடியது.

"யாரக் கேட்டுத் தொட்ட?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். "ஒரு தடவ தொட்டதுக்கு ஒரு முழம் போச்சு. இன்னொரு தடவ தொட்டா எட்டவே எட்டாது."

"ஆமா, என் கையால போச்சு," என்றாள் தங்கபுஷ்பம். "ஆனா ஒட்டுச்சு, பாத்தியளா? ஒட்டுற சாமான்தான் அது. சூடு நிக்கல, அதான் விட்டுட்டு. சூட்ட ஒரே அளவுல நிறுத்துற மெஷின் இருக்கு. சால்டரிங் ஸ்டேஷன்னு பேரு. அது ஒண்ணு வாங்கணும்."

"சால்ட்ரிங்னா என்னட்டி, உப்புச் சமாச்சாரமா?" என்று மதினி கேட்டாள்.

"இல்ல மதினி. ஈயத்த வச்சுப் பத்தவைக்கிறது. ஆனா இப்ப உப்புக்காகத்தான்."

சேர்மத்துரை எழுந்தான். அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், அளத்தில் அவனுக்கு எந்தக் காலத்திலும் நிலையான வேலை கிடைத்ததில்லை. "அது நிக்கப்போயிதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. ஒட்டிட்டா அது போயிரும். பொறவு எவன் வந்து பஜ்ஜி திம்பான்? எனக்கு ஒரு வழி சொல்லிட்டு ஒட்டுங்க."

தங்கபுஷ்பம் அவனைப் பார்த்து, "உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல தொரை," என்றாள். "ஆனா ஊரு காலியாயிட்டா வேன்காரன் எத்தன நாளைக்கு வருவான்?" அவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனான்.

உண்டியலில் சேர்ந்திருப்பதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது என்று தலைவர் சொன்னார். இப்படியாக, மின்னலைப் பற்றவைக்கிற செலவை மின்னலே ஏற்றுக்கொண்டது.

தூத்துக்குடியில் காதர் மீரான் பாய் கடைக்குத் தங்கபுஷ்பமும் மதினியும் பஸ்ஸில் போனார்கள். கண்ணாடி அலமாரிகள் நிறைந்த சின்னக் கடை. எதற்கு என்று பாய் கேட்டார். மின்னலுக்கு என்றாள் தங்கபுஷ்பம். "உங்க ஊரு மின்னலா? என் மச்சான் குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போனான்," என்றபடி அவர் மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

முதல் பெட்டி பார்க்கவே விளக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சிவப்பு எண்கள் ஓடின, கூடவே ஒரு பை நிறைய விதவிதமான முனைகள், ஒரு பூதக்கண்ணாடி இலவசம். மதினிக்கு அது பிடித்துப்போயிற்று. "நம்பரெல்லாம் ஓடுது பாரு. இதையே எடுத்துருவோம்."

தங்கபுஷ்பம் தன் பையிலிருந்து, ஓட்டையாகிப்போன ஒரு பழைய தவலையின் அடிப்பாகத்தில் வெட்டிய தடித்த செம்புத் துண்டை எடுத்தாள். பெட்டியைப் போட்டு, சூடேறும்வரை காத்திருந்து, முனையைச் செம்பின் மேல் அழுத்தி ஈயக்கம்பியைக் கொடுத்தாள். எண் அசையாமல் முந்நூற்றைம்பது என்று காட்டிக்கொண்டேயிருந்தது, ஈயமோ செம்பைத் தொட்டதும் கூழாகி அப்படியே நின்றுவிட்டது.

"நம்பர் நிக்கிது மதினி, சூடு நிக்கல. செம்பு சூட்ட உறிஞ்சுது, இதுக்கு அது தெரியவே இல்ல."

இரண்டாவது, மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த வெளிநாட்டுச் சாமான். செம்பில் வைத்ததும் ஈயம் தண்ணீராக ஓடியது. அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முனை தேய்ந்தால் வேறு முனை கிடைக்குமா என்று கேட்டாள். ஆர்டர் போட்டால் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் பாய். இருந்த ஒரே முனையும் பாதி அரித்திருந்தது. அவள் அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

மூன்றாவதை பாய் தூசிகூடத் தட்டாமல் வைத்திருந்தார். சாம்பல் நிறப் பெட்டி, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரே ஒரு திருகு, ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். ஆனால் கைப்பிடியின் வயர் பாம்புக்குட்டி போல வளைந்து கொடுத்தது, கனமான தாங்கி நகராமல் உட்கார்ந்தது, அதற்கான முனைகள் அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தன. ஊசி முனை வேண்டாம் என்று சொல்லி, உளி மாதிரித் தட்டையாக இருந்த அகல முனையை மாட்டச் சொன்னாள். செம்பில் வைத்தாள். விளக்கு மினுங்கியது, ஈயம் ஒரு கணம் தயங்கியது, பிறகு எழுந்து பளபளவென்று ஓடிப் பரவியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் ஓடியது. ஃபேனைப் போடச் சொல்லி அதன் நேர் கீழே வைத்துப் பார்த்தாள். ஓடியது.

"கழட்டிப் பாக்கணும் பாய்."

"கழட்டுனா கம்பெனி திருப்பி எடுக்கமாட்டான்மா."

"எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் மின்னல், ஒரு பக்கம் கரண்டு, நடுவுல நான். எர்த் சரியா இல்லன்னா எல்லாம் என் வழியாத்தான் இறங்கும்."

மதினி அவள் கையைப் பிடித்தாள். அதுவரை அவளுக்கு இது தெரியாது. பாய் மறுபேச்சில்லாமல் திருப்புளியை எடுத்துத் தானே கழற்றினார். பிளக்கில் மூன்று கால்கள் இருந்தன, மூன்றாவது காலிலிருந்து வந்த பச்சை வயர் பெட்டிக்குள் எங்கும் சேராமல் சும்மா சுருண்டு கிடந்தது. "எத்தனையோ பேருக்கு வித்துருக்கேன், நான் ஒண்ணக்கூடத் தொறந்து பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு, அந்த வயரைச் சுரண்டி, அந்தப் பெட்டியின் சூட்டிலேயே உரிய இடத்தில் அவரே பற்றவைத்தார். மீட்டரை முனையிலும் பிளக்கிலுமாக வைத்துப் பார்த்தார்கள். அது 'கீ' என்று பாடியது. "இதுதான்," என்றாள் தங்கபுஷ்பம்.

திரும்பி வருகிற பஸ்ஸில், மதினி பெட்டியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டே, "ஒங்க அண்ணன் ரூம் பாத்தாச்சின்னு காலையில போன் பண்ணுனாரு," என்றாள்.

"என்ன சொன்னிய?"

"நாளைக்குச் சொல்லுதேன்னு சொன்னேன். நாளைக்கி ஒட்டிருவியா?"

"ஒட்டிருவேன்."

மறுநாள் காலை சோறு வடித்து மூடி வைத்துவிட்டு அவள் வரப்புக்குப் போனபோது, ஊரில் மிச்சமிருந்த எல்லோரும் உப்பு மூடுகிற தார்ப்பாய்களோடு வந்திருந்தார்கள். ஏணியைச் சுற்றிக் கம்பு நட்டு, தார்ப்பாயைக் கட்டி, கட்ட முடியாத இடத்தில் ஆட்களே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சுவராக நின்றார்கள். கிழக்கே மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு மேல் இடைவெளி, தார்ப்பாய் போதவில்லை. சேர்மத்துரை தன் வண்டியோடு தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முழ இடைவெளியை மூட மேல்பாதியைக் கீழே இழுக்க வேண்டும், அதை இழுத்தால் மேகமும் சேர்ந்து வரும். மதினி இன்னொரு ஏணியில் ஏறி, நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கிணற்றில் இறைக்கிறவள் போலக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். மேகம் இறங்கியது. பனை உயரத்துக்கு வந்து, கூரை உயரத்துக்கு வந்து, நின்றவர்களின் தலைமுடியெல்லாம் அதற்குள் போய் நனைந்தது. முனையும் முனையும் தொட்டன. தங்கபுஷ்பம் உப்புத்தாள் போட்டுக் கரியைச் சுரண்டினாள்; உள்ளே மின்னல் இளநீர் வழுக்கை போல வெளுப்பாக இருந்தது. ஈயம் ஓடிப் பிடிக்க உதவுகிற பசையைத் தடவினாள். இரண்டு முனைக்கும் முதலில் தனித்தனியாக ஈயம் பூசினாள். பிறகு அகல முனையை ஒட்டின் மேல் வைத்தாள்.

மின்னல் சூட்டை உறிஞ்சியது. தவலைச் செம்பெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை. அது கடல் உறிஞ்சுவது போல உறிஞ்சியது. பெட்டியின் சின்ன விளக்கு அணைந்து எரிந்து அணைந்து எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கிழக்குக் காற்று இடைவெளி வழியாகப் புகுந்து நேராக ஒட்டில் அடிக்க, ஈயம் கூழாகத் தொடங்கியது. அவள் திருகைத் தொடவில்லை, முனையை எடுக்கவுமில்லை. "காத்து! காத்த அடைங்க!" என்று கத்தினாள்.

காற்று நின்றது. யாரோ அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள், கண்ணை எடுத்துப் பார்க்க முடியவில்லை. கீழே சேர்மத்துரை தன் பஜ்ஜி வண்டியை இடைவெளியில் தள்ளி, தகரத் தடுப்பைத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் தன் உடம்பையும் சாத்திக்கொண்டு நின்றான். "சீக்கிரம் ஒட்டித் தொலைங்க, எண்ணெ ஆறுது," என்றான். அவன் முகம் கோணிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி அசையவில்லை.

ஈயம் தயங்கியது, எழுந்தது, ஓடியது. முறிவைச் சுற்றி ஒரு மோதிரம் போலப் பரவி, நாருக்கு நார் இறங்கி நிறைந்தது. அவள் முனையை எடுத்தாள்.

"யாரும் அசையக் கூடாது. யாரும் ஊதக் கூடாது. மதினி, மூச்சே விடாதீங்க."

ஆறுகிற நேரத்தில் அசைந்தால் ஒட்டு விட்டுப்போகும். ஆகவே சிப்பிவிளை அசையாமல் நின்றது. தார்ப்பாய் பிடித்தவர்கள் கை கடுத்தும் இறக்கவில்லை, பூசாரிக்கு வந்த தும்மலை அவர் முழுங்கினார், மதினியின் சாக்கு காய்ந்து உள்ளங்கை பொரிந்தது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள். ஈயம் திரவமாக மின்னி, ஒரு கணம் திரைபோட்டு, புது மீனின் கண் போலப் பளபளப்பாகவே இறுகிற்று.

"விடுங்க மதினி."

மதினி விட்டாள். மேகம் ஒரு பெருமூச்சோடு மேலே எழும்பியது, ஒட்டு விறைத்துத் தாங்கிற்று, மேலிருந்து வெளிச்சம் ஒரு தடவை தயங்கி, பிறகு வழி கிடைத்தது தெரிந்து, ஒட்டைத் தாண்டி, ஏணி உயரத்தைத் தாண்டி, வரப்புக்குள் இறங்கிப் போனது. போக வேண்டியதெல்லாம் போய் முடிந்ததும் அங்கே ஒன்றுமில்லை. தொட்டில்களும் மாலையும் மட்டும் சேற்றில் விழுந்து கிடந்தன. தூறல் நின்றது. மேகம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மேற்கே நடக்க, மூன்று மாதத்து வெயில் பாத்திகளின் மேல் மொத்தமாக வந்து விழுந்தது, ஊர்க்காரர்கள் கண் கூச ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சேர்மத்துரை வண்டிச் சக்கரத்தைச் சேற்றிலிருந்து கிளப்பிக்கொண்டே, உப்பு ஏற்ற லாரி எப்போதிலிருந்து வரும் என்று கணக்கரிடம் கேட்டான்.

அப்போதுதான் இடி வந்தது. மின்னலுக்குப் பின்னால் வரவேண்டியது, அது இறங்கி முடிக்கட்டும் என்று இத்தனை நாளும் வானத்தில் எங்கோ காத்திருந்தது. ஓடுகள் குதித்தன, பாத்தித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊரைக் கடந்தும் அது ஓயவில்லை. எட்டயபுரம் பக்கமாக உருண்டு, மதுரையைத் தாண்டி, வடக்கே வடக்கே போய்க்கொண்டேயிருப்பது கேட்டது. ஊர் அந்தச் சத்தத்தின் வாலைப் பார்த்தபடி நின்றது.

சற்று நேரத்தில் யாருடைய இடுப்பிலோ ஒரு செல்போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரப்பு நெடுக, தார்ப்பாய்களுக்கு அடியில், முந்தானை முடிச்சுகளில், சட்டைப் பைகளில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. மதினியின் கை பொரிந்திருந்ததால் தங்கபுஷ்பம்தான் அவள் போனை எடுத்து அவள் காதில் வைத்தாள். அண்ணனின் குரல் பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது. பின்னால் தையல் மெஷின்களின் சத்தமே இல்லை.

"ஏ கனி, இங்க வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல, ஆனா இப்ப ஒரு இடி இடிச்சிட்டுப் போச்சு. கம்பெனிக்காரங்க யாருக்கும் கேக்கலயாம். நம்ம ஊரு ஆளுகளுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு. எல்லாரும் மெஷின விட்டுட்டு வாசல்ல வந்து நிக்கோம். அது நம்ம இடியா?"

மதினி பாத்திகளைப் பார்த்தாள். ஓரங்களில் தண்ணீர் அதற்குள் பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

"நம்ம இடிதான்," என்றாள். "ரூமத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."